மைக்ரோக்ளியா: பெயரில் பசை, வேலையில் காவல்

மைக்ரோக்ளியா என்பது மூளையிலும் தண்டுவடத்திலும் குடியிருக்கும் நோய் எதிர்ப்பு உயிரணு. கிரேக்கத்தில் ‘மைக்ரோஸ்’ என்றால் சிறியது, ‘க்ளியா’ என்றால் பசை.

பசை எப்படி ஒட்டிக்கொண்டது? 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானிய நோயியலாளர் ருடால்ஃப் விர்ஹோ, நரம்பணுக்களுக்கு இடையே இருப்பதெல்லாம் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் பொருள் என்று கருதி ‘நியூரோக்ளியா’ என்றார். 1919இல் ஸ்பெயினின் பியோ டெல் ரியோ ஒர்த்தேகா வெள்ளி உப்பால் சாயமேற்றிப் பார்த்தபோது, அந்தக் கூட்டத்துக்குள் தனி இனம் ஒன்று துலங்கியது. அவர் இட்ட பெயர்தான் மைக்ரோக்ளியா. சிதைவுகளை விழுங்கும், காயம் பட்டால் உருவம் மாறும் என்றெல்லாம் கண்டு சொன்னவரும் அவரே. பசையை மட்டும் ஏன் விட்டுவைத்தாரோ!

பிறப்பிலும் இவை வேறு. கருவின் மஞ்சட்கருப் பையில் உருவாகி மூளைக்குள் குடியேறியவை. உறவு பார்த்தால் நரம்பணுவைவிட, கிருமிகளையும் சிதைவுகளையும் விழுங்கும் பெருவிழுங்கிகளுக்கே (மேக்ரோஃபேஜ்) நெருக்கம்.

இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்? அப்படியே பெயர்த்தால் ‘நுண்பசையணு’ வரும். பழைய பிழையும் கூடவே வரும். ‘நுண்விழுங்கி’ என்றால் நோய் எதிர்ப்பு ஆய்வாளர் மெச்னிகாஃப் ‘மைக்ரோஃபேஜ்’ என்று அழைத்த ரத்த வெள்ளணுவோடு குழம்பும். என் தேர்வு ‘மூளைக் காவலணு’. விழுங்குவதோடு, ஆபத்து வந்தால் மற்ற அணுக்களுக்குச் செய்தி அனுப்புவதும் இதன் வேலை.

அந்தச் செய்தி எப்படித் திரிகிறது என்பதற்கு எச்.ஐ.வி. நல்ல எடுத்துக்காட்டு. அந்த வைரஸ் நரம்பணுக்குள் புகுந்து பெருகுவதில்லை. அது நுழையப் பயன்படுத்தும் சிடி4, சிசிஆர்5 ஏற்பிகள் (அணுவின் மேற்பரப்பில் பூட்டுபோல் இருக்கும் புரதங்கள்) காவலணுவின் மேல் இருக்கின்றன. எனவே காவலணுவே அதற்கு வீடாகிவிடுகிறது. தொற்றிய அணு வெளியிடும் ‘டாட்’ என்ற புரதம் பக்கத்து அணுக்களை உசுப்ப, டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லியூகின்-6 போன்ற சைட்டோகைன்கள், அதாவது அணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திப் புரதங்கள், கொட்டுகின்றன. நரம்பணுக்கள் சேதமடைவதற்கு இந்த அழற்சி ஒரு முக்கியக் காரணம்.

இதில் ‘ஓபியாய்டு’ என்ற வலிநீக்கி, போதை மருந்து வகை சேரும்போது நிலைமை இன்னும் சிக்கல். கசகசாச் செடியின் காயில் கீறினால் வடியும் பாலுக்குக் கிரேக்கத்தில் ‘ஓபியன்’, அரபியில் ‘அஃப்யூன்’, நமக்கு அபின். ‘ஆய்டு’ என்ற விகுதி ‘போன்றது’ என்று பொருள்படும் என்பதால் ‘அபின்போலி’ பொருந்தும். காயிலிருந்து எடுக்கும் மார்ஃபினும், முழுக்கச் செயற்கையான ஃபென்டனிலும் இதில் அடக்கம்.

மார்ஃபின் நோய் எதிர்ப்பை ஒடுக்கும் என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது வழக்கம். மூளையைப் பொறுத்தவரை அது பாதிதான் உண்மை. ஆய்வுக்கூட வளர்ப்பு அணுக்களில் மார்ஃபின் விழுங்கும் திறனையும், வைரஸுக்கு எதிரான இன்டர்ஃபெரான் சுரப்பையும் மட்டுப்படுத்துவதைக் கண்டிருக்கிறார்கள். அதே மார்ஃபின் டாட் புரதத்தோடு சேர்ந்தால் சில சைட்டோகைன்கள், இரண்டும் தனித்தனியே தூண்டும் அளவைவிட அதிகமாகச் சுரக்கின்றன. வைரஸைத் தடுக்க வேண்டிய பதில் குறைகிறது, நரம்பணுவைச் சுடும் அழற்சி கூடுகிறது. ஓபியாய்டு ஏற்பியை அடைக்கும் மருந்தைச் சேர்த்தால் இவற்றில் பல விளைவுகள் தணிகின்றன. அதாவது மார்ஃபின் பெரும்பாலும் அந்த ஏற்பி வழியாகவே வேலை செய்கிறது.

இந்தச் சொற்களை வாக்கியத்தில் வைத்தால்: “வைரஸ் தொற்றிய மூளைக் காவலணுவில் அபின்போலிகள் இன்டர்ஃபெரானைக் குறைக்கலாம்.”