வசன வரி தெளிவு, முகம் மங்கல்: மலிவு டேப்லெட்டுக்குள் என்ன நடக்கிறது?

போன தீபாவளிக்கு அம்மாவுக்கு 499 வெள்ளியில் ஒரு பத்து அங்குல டேப்லெட் வாங்கிக் கொடுத்தேன். சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு அஞ்சடியில் (முன்தாழ்வாரத்தில்) உட்கார்ந்து படம் பார்ப்பதுதான் அவருடைய சாயங்காலப் பொழுது. யூடியூபில் பழைய பாட்டெல்லாம் பளிச்சென்று ஓடியது. ஆனால் மாதக் கட்டணத் தளம் ஒன்றில் படத்தைப் போட்டதும், "ஏம்பா, என் கண்ணாடியை மாத்தணுமோ?" என்று கேட்டார்.

எட்டிப் பார்த்தேன். கதாநாயகியின் முகம் நீராவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல் கலங்கியிருந்தது. கீழே ஓடிய மலாய் வசன வரியோ ஒவ்வொரு எழுத்தும் செதுக்கி வைத்தாற்போல் கூர்மை. அந்த எழுத்துகள்தான் துப்பு. வசன வரி தனியாக வெறும் எழுத்தாக வந்து சேர்கிறது. செயலி அதைத் திரையின் எல்லாப் புள்ளிகளையும் பயன்படுத்தி வரைகிறது. ஆகவே திரை நன்றாகத்தான் இருக்கிறது. படம்தான் சின்னதாக வருகிறது.

எவ்வளவு சின்னது? முழு ஹெச்டி படத்தில் 1920×1080, அதாவது சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். எங்களுக்கு வந்தது 480 வரிசைப் படம், சுமார் 4.1 லட்சம்தான். ஒரு புள்ளியின் நிறத்தை ஐந்து புள்ளிக்கு இழுத்துப் பூசினால் மூக்கும் கன்னமும் கலங்காமல் என்ன செய்யும்?

காரணம் வைட்வைன் என்ற பூட்டு. கூகுள் 2010இல் வாங்கிய தொழில்நுட்பம் இது. கட்டணத் தளங்கள் படத்தைப் பூட்டியே அனுப்புகின்றன. பூட்டின் பாதுகாப்பில் எல்1 உயர்ந்த தரம், எல்3 தாழ்ந்தது. எல்1 தரச் சாதனத்தில் பூட்டைத் திறப்பதும், சுருக்கி அனுப்பிய படத்தை விரிப்பதும் சிப்பின் உள்ளே, மற்ற செயலிகள் எட்டிப் பார்க்க முடியாத பாதுகாப்பான பகுதியில் நடக்கும். எல்3இல் எல்லாம் மென்பொருளோடு சரி. திறந்த படத்தை யாரும் நகலெடுக்க வாய்ப்பு அதிகம். கல்யாணத்துக்கு நகை இரவல் கொடுப்பவர் இரும்புப் பெட்டி உள்ள வீட்டுக்கு அசலையும், இல்லாத வீட்டுக்குக் கவரிங்கையும் அனுப்புவதுபோல, எல்3 சாதனத்துக்குத் தளங்கள் பெரும்பாலும் 480 வரிசைப் படத்தையே அனுப்புகின்றன. யூடியூபின் சாதாரணக் காணொளிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. திரை 1920×1200 என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். பூட்டின் தரத்தைப் போடுவதில்லை. எனக்கு இதில் உண்மையாகவே கோபம்.

மற்றக் குறைகள் இந்த அளவுக்கு உறுத்தவில்லை. இந்த விலைக்கு உள்ளே இருப்பது பெரும்பாலும் இஎம்எம்சி என்ற மலிவு வகைச் சேமிப்பு. தோட்டத்துச் சாலையின் ஒற்றைத் தடப் பாலம் மாதிரி, ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் தரவு போகும். எழுதும்போது படிக்க முடியாது. அதனால் பின்னால் ஏதாவது அப்டேட் ஆகும்போது செயலி திறக்கத் திணறும். படம் ஓடுவதை இது தொடாது. முழு ஹெச்டி படத்துக்கே நொடிக்கு ஒரு மெகாபைட்கூடத் தேவைப்படாது. அதை விரிக்கவும் சிப்பில் தனிச் சுற்று இருக்கிறது.

வெளிச்சம்தான் அடுத்த குறை. எல்சிடி திரையில் பின்விளக்கின் ஒளி பெரும்பகுதி வடிகட்டிகளிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். மிச்சம்தான் கண்ணுக்கு. மதிய வெயிலில் அஞ்சடியில் வைத்தால் திரையில் தெரிவது எதிர்வீட்டுத் தகரக்கூரைதான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் குறையே இல்லை.

மின்கலம் 7000 மில்லிஆம்பியர் மணி. சுமார் 26 வாட் மணி. கூட வரும் 10 வாட் சார்ஜரில் போட்டால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவில் செருகிவிட்டுத் தூங்கினால் போதும், ஆனால் தலையணைக்கு அடியில் வேண்டாம். லித்தியம் மின்கலத்துக்குச் சூடு ஆகாது.

அப்புறம் அக்காவும் ஒன்று வாங்கக் கிளம்பினார். இந்தத் தடவை கடைக்காரரைக் கேட்டு, காட்சிக்கு வைத்திருந்த டேப்லெட்டில் பூட்டின் தரத்தைக் காட்டும் டிஆர்எம் இன்ஃபோ என்ற இலவசச் செயலியை இறக்கிப் பார்த்தோம். முதலில் பார்த்தது எல்3. பக்கத்தில் இருந்தது 80 வெள்ளி கூடுதல், எல்1. அக்கா அதற்குத்தான் பணத்தை எடுத்தார்.