கொள்ளளவி ஒலிவாங்கி: அது ‘ஒடுக்கி’ அல்ல

வயலின், புல்லாங்குழல் பதிவு பற்றித் தமிழில் வரும் குறிப்புகளில் ‘ஒடுக்கி ஒலிவாங்கி’ என்ற சொல் ஓயாமல் வருகிறது. கண்டென்சர் மைக்கைத்தான் சொல்கிறார்கள். பெயர் பிழை. அந்தப் பிழை பதிவையும் கெடுக்கிறது.

வேரைச் சுருக்கமாகச் சொல்லலாம். மின்னேற்றம் சேர்க்கும் கருவி ஒன்றுக்கு இத்தாலிய அறிவியலாளர் வோல்டா 1782இல் இட்ட பெயரிலிருந்து கண்டென்சர் வந்தது. மின் நெருங்கித் திரள்கிறது என்பது அவர் எண்ணம். ஆங்கிலத்தில் அந்த உறுப்பு பின்னர் கப்பாசிற்றர் ஆகிவிட்டது. 1916இல் அமெரிக்கரான வென்டே உருவாக்கிய மைக்கில் பழைய பெயரே ஒட்டிக்கொண்டது.

நம் இலங்கைப் பள்ளிகளில் ஒடுக்கி என்றால் இரசாயன ஆய்வுகூடத்தில் ஆவியைக் குளிர்த்தித் திரவமாக்கும் கண்ணாடிக் குழாய். மைக்கில் எது ஒடுங்குகிறது? ஒன்றுமில்லை. பொன் பூசிய மெல்லிய மென்றகடு ஒன்று. அதன் பின்னே, மயிரிழை அளவு இடைவெளியில், அசையாத தட்டு ஒன்று. ஒலி பட்டு மென்றகடு அதிர, இடைவெளி கூடிக் குறைகிறது, கொள்ளளவம் மாறுகிறது, மின்னழுத்தம் ஆடுகிறது. அவ்வளவுதான்.

தமிழ்நாட்டார் சொல்லும் ‘மின்தேக்கி’ ஒடுக்கியைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் இந்த மைக்கில் தேங்கும் மின்னேற்றம் ஏறக்குறைய மாறாமலே நிற்கிறது, மாறுவது கொள்ளளவம். வேலை செய்வதன் பெயரைத்தான் கருவிக்கு வைக்கவேண்டும். இரணைமடுக் குளத்தின் கொள்ளளவைப் பேசி வளர்ந்த வன்னிப் பிள்ளைக்கு, உயர்தரப் பௌதிகவியலில் படிக்கும் ‘கொள்ளளவி’ விளக்கம் கேட்காமலே புரியும்.

ஒடுக்கி என்ற பெயர் செய்யும் கெடுதல் இது: ‘வெளிச்சத்தத்தை ஒடுக்கும்’ என்று நம்பி, தகரக் கூரை வீட்டில் வீணை பதிய அந்த மைக்கை வாங்குகிறார்கள். நடப்பது நேர்மாறு. அதன் மென்றகடு மிக இலேசானது. வீணையின் மீட்டொலியோடு பக்கத்துக் காணியின் நீர்ப்பம்பி, கூரைத் தகரம் வெயிலில் முறியும் சத்தம், மின்விசிறி எல்லாவற்றையும் அள்ளிவரும். சுருளோடு அதிரும் டைனமிக் மைக் மந்தமானது. அத்தகைய அறைக்கு அதைக் கிட்ட வைப்பதே நல்லது. போதாததற்கு, ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கொம்பிரசரையும் சிலர் ஒடுக்கி என்கிறார்கள். ‘வயலினுக்கு ஒடுக்கி போடு’ என்றால் எதைப் போடுவது?

அமைதியான அறை கிடைத்தால் கொள்ளளவிதான். வயலினுக்கு 12 மி.மீ. அளவு சிறு மென்றகடு. வாசிப்பவர் இருந்து வாசிக்க, 50 செ.மீ. மேலிருந்து ஒலித்துளைகளைப் பார்க்கட்டும். வில்லுக்கு நேரே வைத்தால் உரசல்தான் மிஞ்சும். புல்லாங்குழலில் ஊதுதுளைக்கு நேரே வைத்தால் காற்று ‘புஸ்’ என்று அடிக்கும். சற்று மேலே, விரல்துளைகள் பக்கம் திருப்புங்கள். நாதஸ்வரத்தின் அணசுக்கு, அதாவது விரிந்த வாய்க்கு, நேரே வேண்டாம், ஒரு மீற்றர் தள்ளிப் பக்கவாட்டில் வையுங்கள். மைக்கில் 10 டெசிபெல் குறைக்கும் சுவிட்ச் இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் ஒலி உடையும்.

கொள்ளளவி மைக்குக்கு ஒலி மிக்சரிலிருந்து 48 வோல்ற்று வேண்டும்; ஆங்கிலத்தில் ஃபான்டம் பவர். அதைப் ‘பேய் மின்சாரம்’ என்று எழுதுகிறவர்கள் அகராதியைப் பார்த்தார்கள், வயரைப் பார்க்கவில்லை. ஒலி வரும் அதே வயரில் மறைந்து போகும் மின் அது. மறைமின் என்றால் போதும். அதைப் போடாமல் மைக் பழுது என்று திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு.

மாரியில் கவனம். ஈரம் படிந்தால் மின்னேற்றம் கசிந்து பதிவில் கரகரக்கும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொதியோடு வையுங்கள்; நிறம் மாறும் வகை மணிகள் என்றால், நிறம் மாறியதும் பொதியைப் புதிதாக மாற்றுங்கள்.