முட்டில் தட்டினால் பின்தொடை ஏன் சும்மா இருக்கிறது?

குலசேகரம் பக்கத்து ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரின் கேள்வி: இடுப்பு வலிக்குப் போனால் டாக்டர் எதற்கு முட்டில் சுத்தியலால் தட்டுகிறார்?

வீட்டிலேயே பார்க்கலாம். பாதம் தரையில் படாமல் கட்டிலில் உட்கார்ந்து காலைத் தளரத் தொங்கவிடுங்கள். முட்டுச் சிரட்டைக்குச் சற்றுக் கீழே, அதற்கும் கால் எலும்புக்கும் நடுவில் மெத்தென்று இருப்பதுதான் தசைநாண். அங்கே உள்ளங்கை ஓரத்தால் தட்டவேண்டும், கால் தானாக முன்னே துள்ளும். சிரட்டையில் தட்டினால் வலிதான் மிச்சம். கால் விறைத்திருந்தாலும் துள்ளல் வராது. அப்படியானால் இரு கை விரல்களையும் கோத்து இழுத்துப் பிடித்தபடி வேறொருவரைத் தட்டச் சொல்லுங்கள்.

தட்டும்போது முன்தொடைத் தசை இம்மியளவு நீளும். அதற்குள் இருக்கும், சில மில்லிமீட்டர் நீளத் தசைக்கதிர்கள் அதை உணர்ந்து தண்டுவடத்துக்குச் சொல்லும். அதே தசைக்கு உத்தரவு திரும்பும். சுமார் 20 மில்லி விநாடி. மூளைக்கும் செய்தி போகும், ஆனால் கால் அதற்குக் காத்திருப்பதில்லை.

இவ்வளவும் பள்ளிப் பாடம். அழகு அடுத்ததில் இருக்கிறது. முன்தொடை சுருங்கினால் பின்தொடைத் தசை நீளுமே, அதிலும் கதிர்கள் உண்டே, அது ஏன் பதிலுக்கு இழுப்பதில்லை? செய்தி கொண்டுவந்த நரம்பிழையின் ஒரு கிளை, தண்டுவடத்திலேயே ஓர் இடைநரம்பணுவைத் தூண்டுகிறது. அது கிளைசின் என்ற, நரம்பணுவை அடக்கும் வேதிப்பொருளைச் சுரந்து, பின்தொடையை இயக்கும் நரம்பணுவின் வாயை அடைத்துவிடுகிறது. ஒரே செய்தி, ஒருவனுக்கு 'இழு', மற்றவனுக்கு 'விடு'. இந்த ஏற்பாட்டை விரிவாக ஆராய்ந்த ஆங்கிலேய உடலியல் அறிஞர் ஷெரிங்டன், 1932இல் ஏட்ரியனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

'விடு' வேலை செய்யாவிட்டால்? களியக்காவிளைக்கு அப்பால், கேரளத்தில், யட்சியை ஆணியடித்துத் தளைப்பதாகச் சொல்லும் காஞ்ஞிரம், நம் எட்டிமரம்தான். யட்சி கிடக்கட்டும், பயப்பட வேண்டியது விதைக்கு. அதிலுள்ள ஸ்ட்ரிக்னின், கிளைசினை வாங்கும் இடத்தை அடைத்துவிடும். எதிரெதிர்த் தசைகள் ஒருசேர இழுக்க, உடம்பு வில்லாய் வளையும், மூச்சுத் தசைகளும் இறுகும். நினைவோ தெளிவாக இருக்கும். வலிக்கு எட்டிக்கொட்டையை வீட்டில் அரைத்துக் கொடுக்கும் கைவைத்தியரிடம் இதைச் சொல்லுங்கள். டெட்டனஸ் நச்சு மறுமுனையில் கைவைக்கிறது: கிளைசின் வெளியேறுவதையே தடுக்கிறது. வெட்டுக்கத்தி பட்ட காயத்தில் மண் ஒட்டினால் டிடி ஊசி கேட்பது இதனால்தான்.

இனி டாக்டரின் கணக்கு. முட்டு, கீழ்முதுகின் 3, 4ஆம் நரம்புகளைச் சேர்ந்தது. குதிகாலுக்கு மேலுள்ள நாண், திரிகத்தின், அதாவது முதுகெலும்பின் அடியிலுள்ள எலும்பின், முதல் நரம்பைச் சேர்ந்தது. முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் எதை அழுத்துகிறதோ அதன் துள்ளல் குறையும். பக்கவாதத்தில் மேலிருந்து வரும் கட்டுப்பாடு போய், நாளடைவில் துள்ளல் கூடும். சர்க்கரை நோயில் பெரும்பாலும் முதலில் மங்குவது குதிகால், அதுவும் இரண்டு பக்கமும். நல்ல ஆரோக்கியமாக இருப்பவர் சிலருக்குக்கூட இரண்டு முட்டும் லேசாகத்தான் துள்ளும். பக்கத்துக்குப் பக்கம் வித்தியாசம் இருந்தால்தான் டிஸ்க் மீது சந்தேகம். வலிக்காத காலையும் தட்டிப் பார்ப்பது அதற்காகத்தான்.