கிளியர்வே: பாதை அல்ல, வெளி

ஓடுபாதை முடியும் இடத்தில் குறுக்கே வரிசையாகச் சிவப்பு விளக்குகள் இருக்கும். அதற்கு அப்பால் பெரும்பாலும் வெறும் புல்தரைதான். யாருக்கும் தேவைப்படாத நிலம் போலத் தெரியும் அந்தப் பரப்பை முறைப்படி அளந்து அறிவித்திருந்தால், அதற்குக் கிளியர்வே என்று பெயர். இதைத் தமிழில் என்னவென்று சொல்வது?

தரையை விட்டு எழுந்த விமானம் முதலில் ஏறும் தூரத்தின் ஒரு பகுதி இதன் மேலே கழிகிறது. சக்கரம் இதில் படாது. எனவே தளம் போட வேண்டியதில்லை, கீழே தண்ணீர்கூட இருக்கலாம். ஆனால் அந்த இடம் உரிய அதிகாரிகளின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். ஏறும் விமானத்துக்கு ஆபத்தான எதுவும் அங்கே நிற்கக் கூடாது. பெரிய விமான நிலையங்களில் நடுக்கோட்டுக்கு இருபுறமும் குறைந்தது 75 மீட்டர் அகலம் விடுகிறார்கள். ஓடுபாதை 3000 மீட்டர், கிளியர்வே 300 மீட்டர் என்றால் விமானி தன் கணக்கில் 3300 மீட்டரை எடுத்துக்கொள்ளலாம்.

ஓட்டத்தின் நடுவே ஓர் எஞ்சின் நின்றுபோனாலும், பயணிகள் ஜெட் விமானம் அந்தத் தொலைவு முடிவதற்குள் 35 அடி, அதாவது சுமார் 10.7 மீட்டர் உயரத்தை எட்ட வேண்டும் என்பது உலர்ந்த ஓடுபாதைக்கான கணக்கு. ஏர்பஸ் ஏ320இன் வால் நுனியோ தரையிலிருந்து ஏறக்குறைய 11.8 மீட்டர். கிளியர்வேயின் குறுக்கே ஒரு டாக்சிவே, அதாவது விமானங்கள் ஓடுபாதைக்குப் போய்வரும் வழி, போகிறது என்றால், அதில் ஊர்ந்து வரும் விமானத்தை முன்னதாகவே நிறுத்திவைப்பது ஏன் என்று இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

'கிளியர்' லத்தீன் 'கிளாருஸ்' வழி வந்தது. ஒளியுள்ள, தெளிந்த என்பது அதன் பழம்பொருள். 'வே' பழைய ஆங்கிலச் சொல். பிரிட்டனில் வண்டியை நிறுத்தக் கூடாத சாலைக்கும் கிளியர்வே என்றே பெயர். அங்கேயும் இங்கேயும் பொருள் தெளிவு அல்ல, தடையின்மை. ஆகவே சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'தெளிவுப் பாதை' என்று எழுதுவது இரண்டு வகையில் தவறு. கால் வைத்தோ சக்கரம் உருட்டியோ போவதுதான் நமக்குப் பாதை. இங்கே அப்படி எதுவும் இல்லை.

நான் 'ஏறுவெளி' என்பேன். புல்வெளி, மணல்வெளி என்னும்போது வெளி நிலத்தைக் குறிக்கிறது; வான்வெளி என்னும்போது மேலே உள்ளதையும். கிளியர்வேக்கு இரண்டுமே வேண்டும். விமானம் எழாமல் ஓட்டத்தைக் கைவிட்டால் நிற்பதற்கு உதவும் ஸ்டாப்வே வேறு. அது விமானத்தின் எடையைத் தாங்க வேண்டிய தரை. அதை 'நிறுத்துபாதை' என்று தாராளமாகச் சொல்லலாம்.