விருந்தாளியாகவே வந்து போகும் பேரப்பிள்ளைகள்

கோடை விடுமுறையும் டிசம்பர் விடுமுறையும் முடியும் சமயத்தில் சில பெற்றோர் என்னிடம் வருவார்கள். ஒருவர் தமிழர், இன்னொருவர் ஜெர்மனி, பிலிப்பைன்ஸ், நைஜீரியா என்று வேறு நாட்டவர். பிள்ளைக்குப் பதினான்கு, பதினைந்து வயது இருக்கும். "அங்கே இருக்கும்போது ஊருக்குப் போகலாம் என்று நச்சரித்தான். வந்த பிறகு அறையை விட்டு வெளியே வர மாட்டேன் என்கிறான்" என்பார்கள். கோவையில் குடும்ப ஆலோசகராக இருக்கும் எனக்கு இது பழகிப்போன வாக்கியம். கீழே சொல்பவர்களின் விவரங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

அப்பத்தாக்களுக்கு இது புரிவதே இல்லை. "தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுறோம், இவனுக்கு என்ன குறை?" என்பார்கள். அந்தக் கொண்டாட்டம்தான் குறை. பெரியப்பா பையனைத் தயிர் வாங்கக் கடைக்கு விரட்டுகிறார்கள், பந்தியில் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள், செருப்பை வாசலில் தாறுமாறாக விட்டால் திட்டுகிறார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த பையனுக்கோ மின்விசிறிக்குக் கீழே நாற்காலி, கையில் குளிர்பானம். "என்னை மட்டும் யாருமே திட்ட மாட்டேங்கிறாங்க" என்று ஒரு பையன் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டான். விருந்தாளியைத்தானே திட்ட மாட்டார்கள்? பதினைந்து வயதில் அது நன்றாகவே உறைக்கும்.

நம் குடும்ப அமைப்பில் இடம் என்பது பெரும்பாலும் உறவுமுறையால் வருவது. கலப்புக் குடும்பங்களில் அந்த முறை நடுவில் அறுந்து நிற்கிறது. அம்மா வெளிநாட்டவர் என்றால் முதலில் காலியாக நிற்பது தாய்மாமன் இடம். காது குத்த மடி யாருடையது? பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் சீர் கொண்டுவருவது யார்? சங்கடமாக இருக்கிறது என்று பல வீடுகளில் சடங்கையே விட்டுவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு அது நிம்மதி. ஆனால் அக்கா, தங்கை எல்லோருக்கும் நடந்தது தனக்கு மட்டும் நடக்கவில்லை என்பதை அந்தப் பெண் ஆல்பத்தைப் புரட்டும்போது கண்டுகொள்கிறாள். ஒரு குடும்பத்தில் அம்மாவின் தம்பியே ஹாம்பர்க்கிலிருந்து வந்து, வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட்டுக்கொண்டு, தட்டோடு நின்றார். இன்னொரு வீட்டில், அந்த அம்மாவை ஆரம்பத்திலிருந்தே 'தங்கச்சி' என்று அழைத்துவந்த பக்கத்து வீட்டுக்காரர் மாமன் ஆனார். சடங்கு அவசியமா என்ற கேள்வி தனி. எனக்கே சில சடங்குகளில் உடன்பாடு கிடையாது. மற்ற பிள்ளைகளுக்குச் செய்வதை இந்தப் பிள்ளைக்கும் செய்கிறோமா என்பதுதான் நான் பெற்றோரிடம் கேட்பது.

அப்பா வெளிநாட்டவர் என்றால் கேள்வி வேறு மாதிரி வரும். "எந்தக் கூட்டம், எந்தக் கோயில்?" என்று கல்யாண வீட்டில் யாராவது கேட்பார்கள். பிள்ளையிடம் பதில் இருக்காது. அது சாதியைக் கேட்கும் கேள்வி என்பதை அந்தப் பிள்ளைக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வெள்ளைக்கார மருமகளுக்கு ஆரத்தி எடுக்கும் அதே வீதி, அடுத்த தெருவில் பெண் எடுத்தால் அரிவாள் தேடுகிறது. அந்த அளவுகோலில் தேறவில்லை என்று ஒரு பிள்ளை தன்னை நொந்துகொள்ளத் தேவையில்லை.

நிறத்தைப் பற்றி நாசூக்காகப் பேச எனக்கு விருப்பமில்லை. ஐரோப்பியத் தாய்க்குப் பிறந்த பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளுகிறோம், செல்ஃபி எடுக்கிறோம். பின்னலாடை வியாபாரத்துக்காக நைஜீரியர்கள் தங்கியிருக்கும் திருப்பூரில், தமிழ்த் தாய்க்கும் நைஜீரியத் தந்தைக்கும் பிறந்த ஒரு சிறுமி பள்ளியில் கேட்ட பெயர்களை இங்கே எழுத முடியாது. அவள் தலைமுடியைத் தொட்டுப் பார்க்காத ஆளில்லை. ஆசிரியைகள் உட்பட. அவள் வீட்டில் சோப்பும் பாத்திரம் தேய்க்கும் நாரும் வைத்துக் கையைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்ட பிறகுதான் என்னிடம் அழைத்து வந்தார்கள். பள்ளி நிர்வாகத்துக்கு அது 'பிள்ளைகள் விளையாட்டு'. ஒரு பிள்ளையின் தோலைக் கொஞ்சுவதும் இன்னொரு பிள்ளையின் தோலைக் கேலி செய்வதும் ஒரே பழக்கத்தின் இரண்டு பக்கங்கள்தான்.

சில கோயில்களில் இந்து அல்லாதவர்களுக்குக் கொடிமரத்துக்கு அப்பால் அனுமதியில்லை என்று பலகை இருக்கும். பலகை மதத்தைச் சொல்கிறது. வாசலில் நிற்கும் ஊழியரோ முகத்தைப் பார்க்கிறார். பாட்டியின் கையைப் பிடித்து வந்த பேத்தியை மட்டும் நிறுத்திக் கேள்வி கேட்பார். அந்த நேரத்தில் பாட்டி என்ன சொல்கிறார் என்பதுதான் பிள்ளைக்கு முக்கியம். "எம் பேத்திங்க" என்று உரக்கச் சொல்லிவிட்டால் பாதிக் காயம் ஆறிவிடும். நுழைவுச் சீட்டிலும் இதே பிரிவினை உண்டு: மாமல்லபுரத்தில் இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவருக்கு இந்தியக் கட்டணம்தான். இது தெரியாமல் பெற்றோரே பிள்ளையை வெளிநாட்டவர் வரிசைக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

காகிதங்களைப் பற்றிப் பெரும்பாலான குடும்பங்களில் பிள்ளையிடம் யாரும் பேசுவதில்லை. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு வெளிநாட்டில் பிறந்த பிள்ளை, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாலும், இந்தியக் குடியுரிமை பெற ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்யப்பட வேண்டும்; வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்ற உறுதிமொழியும் தர வேண்டும். அதனால் பலர் 2005-இல் வந்த ஓ.சி.ஐ. அட்டையோடு வளர்கிறார்கள். ஆயுள் முழுக்க வந்து போகலாம். ஓட்டு கிடையாது. கைக்குழந்தையாக வந்து சென்னையிலேயே படித்த ஒரு பெண், பன்னிரண்டாம் வகுப்பில்தான் தெரிந்துகொண்டாள்: 2021 மார்ச் 4 அறிவிக்கையின்படி நீட் எழுதலாம், ஆனால் வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஐ. இடங்களுக்கு மட்டுமே போட்டியிட முடியும் என்று. அந்தத் தேதிக்கு முன் அட்டை பெற்றவர்களை இது கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொன்னது. இவளுடைய அட்டை அதற்குப் பிறகு வாங்கியது. "அப்ப நான் இங்கே யாரு?" என்று அழுதவளுக்கு என் துறையில் மருந்தில்லை. அவள் இந்தியக் குடிமகள் இல்லை என்பதைப் பத்து வயதிலேயே சொல்லி வளர்த்திருந்தால் அதிர்ச்சியாவது குறைந்திருக்கும்.

தோட்டம் பிரிக்கும்போது "உனக்குத்தான் இங்கே காணி வாங்க உரிமையில்லையே" என்று சித்தப்பா சொன்னதைக் கேட்டு ஊர்ப்பக்கமே வராமல் போன ஓர் இளைஞனைச் சந்தித்தேன். ஓ.சி.ஐ. அட்டைக்காரர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்கத்தான் முடியாது, வாரிசுரிமையில் பெறலாம். ஒரு வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். நிலத்தைவிட, தாத்தாவின் வாரிசுப் பட்டியலில் தன் பெயரும் உண்டு என்பதுதான் அவனுக்குப் பெரிதாக இருந்தது.

தமிழ் பேச வைப்பது பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. ஒன்றுதான் சொல்ல வேண்டும்: பிள்ளை பேசும் தமிழைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், கைதட்டவும் வேண்டாம். பதில் சொல்லுங்கள்.

மணிலாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த உளவியலாளர் மரியா ரூட், கலப்பினத்தவரின் உரிமைகள் என்று 1993-இல் ஒரு பட்டியல் எழுதினார். இடத்துக்கு இடம் தன்னை வேறுவேறாகச் சொல்லிக்கொள்ளும் உரிமையும் அதில் ஒன்று. ஊரில் தமிழன், ஹாம்பர்க்கில் ஜெர்மானியன் என்று ஒரு பையன் சொன்னால் அவன் பொய் சொல்லவில்லை, குழம்பவும் இல்லை. "ஏதாவது ஒண்ணைச் சொல்லு" என்று நெருக்குபவர்கள்தான் குழப்புகிறார்கள்.

பிள்ளை தோலைத் தேய்க்கிறாள், வெளிநாட்டுப் பெற்றோரைப் பள்ளிக்கு வரவேண்டாம் என்கிறாள், தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டிருக்கிறது என்றால் விடுமுறை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். அருகில் ஆலோசகர் இல்லையென்றால், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். பெற்றோர் முதலில் பேசிவிட்டு, பிறகு பிள்ளையிடம் போனைக் கொடுத்தாலும் போதும்.