ஓமான் வெயிலில் முழுக்கை உடை: உள்ளே நடப்பது என்ன?

மஸ்கட்டின் சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசலை முஸ்லிம் அல்லாதவர்கள் சனி முதல் வியாழன் வரை, காலை 8 முதல் 11 மணிக்குள் பார்க்கலாம். பெண்கள் தலைமுடியையும், மணிக்கட்டு வரை கையையும், கணுக்கால் வரை காலையும் மறைத்திருக்க வேண்டும். ஆண்களும் அரைக்கால்சட்டையில் போக முடியாது. ஜூன் மாதப் பயணத்துக்குப் பெட்டி கட்டும்போது இந்த விதியைப் படிப்பவர்கள், வெந்துபோவோம் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். மூடிய உடை புழுங்குவது மூடியிருப்பதால் மட்டுமல்ல; துணிக்கும் தோலுக்கும் நடுவே காற்று நின்றுபோவதால்தான்.

நம் தோலின் வெப்பநிலை சுமார் 33 முதல் 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை உடல் சூட்டை வெளியே தள்ளிவிடும். காற்று அந்த வெப்பநிலையைத் தாண்டினால் ஓட்டம் திசை மாறி, திறந்த தோல் காற்றிலிருந்து சூட்டை வாங்கத் தொடங்கும். இதோடு சதுர மீட்டருக்கு சுமார் 1,000 வாட் உச்சி வெயில் வேறு. அப்போது உடலுக்கு மிஞ்சும் ஒரே வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். சொட்டி விழுந்த வியர்வையால் பயனில்லை. நீரும் உப்பும் நட்டம்தான். ஆக, நல்ல உடைக்கு இரண்டு வேலைகள்: வெயிலைத் தோலுக்கு வரும் முன்பே தடுப்பது, வியர்வை ஆவியாகக் காற்றுக்கு வழிவிடுவது.

ஓமானியர்களின் டிஷ்டாஷா இரண்டையும் செய்கிறது. தோளிலிருந்து கணுக்கால் வரை இறுக்கமின்றித் தொங்கும் இந்த அங்கிக்குள் சூடாகும் காற்று மேலே ஏறிக் கழுத்து வழியே வெளியேறும். அந்த இடத்தை நிரப்பக் கீழ்விளிம்பு வழியே புதுக்காற்று நுழையும். இது புகைபோக்கி விளைவு. நடக்கும்போது துணி உடலை நெருங்கியும் விலகியும் துருத்திபோல் காற்றை மாற்றிக்கொண்டே இருக்கும். தலையில் வைக்கும் கும்மா தொப்பியின் பூவேலையில்கூட ஊசித் துளைகளை விட்டுத் தைத்திருப்பார்கள்.

கறுப்பு உடை சூடாக்காதா? நெகேவ் பாலைவனத்தில் பெதூயின் நாடோடிகளின் அங்கியை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். முடிவு 1980இல் நேச்சர் அறிவியல் இதழில் வெளிவந்தது. 35 முதல் 46 டிகிரி வெப்பத்தில் வெயிலில் நின்றவருக்குக் கறுப்பு அங்கியிலும் வெள்ளை அங்கியிலும் உடலைப் போய்ச் சேர்ந்த வெப்பம் ஒரே அளவுதான். கறுப்புத் துணி கூடுதலாக வாங்கிய சூடு, தோலைத் தொடும் முன்பே காற்றோடு போய்விட்டது. இதை அப்படியே கறுப்புச் சட்டைக்கும் பொருத்திவிடக் கூடாது. உடலோடு ஒட்டிய கறுப்பு டி-ஷர்ட்டில் இடைவெளியே இல்லை. வாங்கிய சூடு நேரே தோலுக்குத்தான் இறங்கும். உடல் சுற்றளவைவிட 15 முதல் 20 சென்டிமீட்டர் கூடுதலாக உள்ள உடை எந்த நிறமானாலும் சமாளிக்கும். ஒட்டிய உடைதான் வேண்டுமென்றால் வெளிர்நிறம்.

அடுத்தது ஈரப்பதம். பயண ஆலோசனைகள் பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் இதுதான். உள்நாட்டு நிஸ்வாவில் 45 டிகிரி, 10 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்வோம். கடற்கரையான மஸ்கட்டில் 36 டிகிரி, 75 சதவீதம். ஈரத் தோலுக்கும் காற்றுக்கும் உள்ள நீராவி அழுத்த வேறுபாடு நிஸ்வாவில் சுமார் 4.7 கிலோபாஸ்கல், மஸ்கட்டில் 1.2 மட்டுமே. அதாவது அதே காற்றோட்டத்தில் மஸ்கட்டில் வியர்வை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வேகத்தில்தான் காயும். நிஸ்வாவில் உள்ளே மெல்லிய பனியன், மேலே அங்கி என்று இரண்டு அடுக்கு நன்றாகவே இருக்கும். மஸ்கட்டில் ஒரே அடுக்கு, நிழல், காற்றடிக்கும் பக்கம்.

துணியை வாங்கும் முன் இரண்டு சோதனைகள் போதும். வாயோடு சேர்த்து ஊதுங்கள். மறுபக்கம் வைத்த கையில் காற்று படவேண்டும். பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் வெயிலும் புறஊதாக் கதிரும் அதே வழியில் நுழையும், கண்ணியத்துக்கும் உதவாது. சதுர மீட்டருக்கு 110 முதல் 150 கிராம் எடையுள்ள பருத்தியோ லினனோ இரண்டிலும் தேறும். சாதாரணக் காற்று ஈரத்தில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதமும் லினன் 12 சதவீதமும் ஈரத்தை உள்வாங்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. ஆனால் தொப்பலாக நனைந்த பருத்தி உடலில் ஒட்டி இடைவெளியைக் கொன்றுவிடும். லினன் விறைப்பானது, அவ்வளவாக ஒட்டாது. கடற்கரை ஊர்களுக்கு என் தேர்வு லினன்தான்.

சுடிதார் இங்கே கச்சிதமாகப் பொருந்தும்; முழுக்கையும் தொளதொள கால்சட்டையும் இருந்தால் போதும். லெகிங்ஸ் கீழிருந்து வரும் காற்றை அடைத்துவிடும், ஒட்டியிருப்பதால் பள்ளிவாசல் வாசலிலும் தடுக்கலாம். புடவை கட்டினால் இடுப்பையும் கையையும் தனியே மூடவேண்டிவரும். தலைத்துணிக்கு மெல்லிய பருத்தி, சுமார் 180க்கு 70 சென்டிமீட்டர். அதைத் தாடைக்குக் கீழே இறுக்கி ஊசி குத்துவது பரவலான தவறு: உடைக்குள் ஏறிவரும் சூடான காற்று வெளியேறும் வாய் அங்கேதான் இருக்கிறது. இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர விடுங்கள். முதுகுப்பையும் இதே கெடுதலைச் செய்கிறது. தோளில் தொங்கும் பை நல்லது.

தொடை உரசும் இடத்தில் வியர்வை காய்ந்து மிஞ்சும் உப்பு, தோலை அறுத்துவிடும். உள்ளே முழங்கால் வரையிலான மெல்லிய பருத்தி உள்ளாடை போடுங்கள், அல்லது கிளம்பும் முன் வாஸ்லின் தடவுங்கள். வேர்க்குரு வந்தால் வியர்வைக் குழாய்கள் அடைபட்டிருக்கின்றன என்று பொருள். அதன்மேல் பவுடரையும் எண்ணெயையும் அப்பாமல் குளித்து, காற்றாட விடவேண்டும்.

நனைந்த சட்டையோடு குளிரூட்டிய கடைக்குள் நுழைந்தால் உடம்பு நடுங்கும். அங்கே காற்று உலர்ந்தது, ஆவியாதல் சட்டென்று கூடிவிடும். பையில் ஒரு உலர்ந்த பனியன் வைத்துக்கொள்ளுங்கள். அன்றன்றைய உடையை அன்றன்றே அலசி உப்பை நீக்குங்கள். துணியை மென்மையாக்கும் திரவத்தை மட்டும் சேர்க்க வேண்டாம்; அது இழைகளின்மேல் படிந்து, பருத்தி வியர்வையை உறிஞ்சும் திறனைக் குறைத்துவிடும்.