குதிரைக்குத் திமிரா, முதுகுவலியா?

"சேணம் எடுத்துக்கொண்டு போனாலே கடிக்க வருகிறது டாக்டர். திமிர் ஏறிவிட்டது." குதிரை வைத்திருப்பவர்கள் என்னிடம் கொண்டுவரும் புகார்களில் இதுதான் முதலிடம். தலையை ஓயாமல் உதறுகிறது, ஏறி உட்கார்ந்ததும் பின்வாங்குகிறது, இடப்பக்கம் மட்டும் திரும்ப மாட்டேன் என்கிறது என்பவை அதற்கு அடுத்து வரும். எல்லோரும் எதிர்பார்ப்பது ஓர் ஊசி. நான் முதலில் கேட்பது அந்தக் குதிரைக்குப் போடும் சேணத்தையும் கடிவாளத்தையும். பல நேரங்களில் ஊசிக்கு வேலையே இருப்பதில்லை.

சேணத்திலிருந்து தொடங்குகிறேன். கழுத்து முடியும் இடத்தில் எலும்பு மேடாக எழுந்து நிற்கிறதே, அந்தத் தோள்மேட்டின் மேல் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதை மிகக் குறைவு. அதன் இருபுறமும் தோள்பட்டை எலும்புகள். முன்னங்கால் முன்னே போகும்போது தோள்பட்டையின் மேல்நுனி பின்னோக்கி நகரும். சேணத்தை ஒரு சாண் முன்னால் தள்ளிப் போட்டால் அந்த நுனி ஒவ்வோர் அடிக்கும் சேணத்தின் சட்டத்தில் முட்டும். குதிரை நடையைக் குறுக்கிக்கொள்ளும், கால் இடறும். மேலே இருப்பவர் "சோம்பேறிக் குதிரை" என்று குதிகாலால் உதைப்பார். பின்பக்கமும் ஓர் எல்லை இருக்கிறது. குதிரைக்குப் பொதுவாக 18 ஜோடி விலா எலும்புகள். கடைசி விலாவைத் தாண்டிச் சேணம் நீளக்கூடாது. அதற்குப் பின்னால் இருப்பது விலாவின் தாங்கல் இல்லாத இடுப்பு.

குட்டையான முதுகுள்ள மட்டக்குதிரைகளின் பாடு இங்கேதான் திண்டாட்டம். மெரினாவிலும் கொடைக்கானல் ஏரிக்கரையிலும் சுற்றுலாப் பயணிகளைச் சுமப்பவற்றில் சிறிய உருவம் கொண்டவை ஏராளம். அவற்றின் மேல் கிடக்கும் சேணமோ பெரும்பாலும் வேறொரு பெரிய குதிரைக்காகச் செய்தது, கைமாறி வந்தது.

சேணத்துக்குள் ஒரு சட்டம் உண்டு. மரத்திலோ உலோகத்திலோ வலுவூட்டிய பிளாஸ்டிக்கிலோ இருக்கும். அதன் அகலம் குதிரைக்குக் குதிரை மாறவேண்டும். சேணத் தொழிலுக்குப் புவிசார் குறியீடு பெற்ற கான்பூரில் குறுகல், நடுத்தரம், அகலம் என்று தனித்தனியாகவே செய்கிறார்கள். வாங்கும்போது அதைக் கேட்பவர்கள்தான் குறைவு.

சவாரிப் பள்ளி ஒன்றில் நடுவயதுப் பெண்குதிரை ஒன்றைப் பார்த்தேன். வயிற்றுப் பட்டையை இறுக்கும்போதெல்லாம் திரும்பிக் கடிக்கும். பட்டை உறுத்துகிறது என்று நினைத்துப் புதுப் பட்டை வாங்கிவிட்டார்கள். முதுகில் உள்ளங்கையைப் பதித்து மெல்ல அழுத்திக்கொண்டே போனேன். தோள்மேட்டுக்குச் சற்றுப் பின்னால் கை வந்ததும் சதை துடித்தது, முதுகு கீழே இறங்கியது, காதுகள் பின்னால் போயின. சட்டம் அந்த முதுகுக்குக் குறுகல். வலிக்கிறதே என்று அதன் அடியில் மூன்று கம்பளம் மடித்துப் போட்டிருந்தார்கள். இறுக்கமான செருப்புக்குள் இரண்டு காலுறை போட்டால் என்ன ஆகுமோ அதுதான் அங்கே ஆகிக்கொண்டிருந்தது. கம்பளங்களை எடுத்து, முதுகுக்குச் சில வாரம் ஓய்வு கொடுத்து, அகலமான சேணம் வந்த பிறகு கடிப்பது படிப்படியாக நின்றது.

உங்கள் குதிரையை நீங்களே பார்க்கலாம். சவாரி முடிந்து சேணத்தைக் கழற்றியதும் வியர்வைத் தடத்தைக் கவனியுங்கள். முதுகுத்தண்டின் இருபுறமும் அது ஒரே மாதிரி இருக்கவேண்டும். ஈரத்துக்கு நடுவே கையளவு உலர்ந்த திட்டு தெரிந்தால், அந்த இடத்தில் அழுத்தம் அதிகம் அல்லது சேணம் அங்கே படவே இல்லை. தடவிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். தோள்மேட்டின் பக்கவாட்டில் வெள்ளை முடித்திட்டு இருந்தால், அங்கே பழைய அழுத்தத்தில் முடிக்கு நிறம் தரும் செல்கள் செத்துவிட்டன என்று பொருள். "ராசியான சுழி" என்று அதைக் காட்டி விற்பவர்களும் உண்டு, ஏமாறாதீர்கள். ஆள் ஏறி உட்கார்ந்த நிலையில் தோள்மேட்டுக்கும் சேண வளைவுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழையவேண்டும். ஆள் ஏறாமல் பார்ப்பதில் பயனில்லை.

சேணம் எப்போதும் ஒரே பக்கமாகச் சரிகிறது என்றால் உடனே சேணத்தையோ ஏறுபவரையோ குறை சொல்ல வேண்டாம். பின்னங்காலில் கண்ணுக்கு எளிதில் தெரியாத நொண்டல் இருந்தாலும் அப்படிச் சரியும். அதைக் கால்நடை மருத்துவர்தான் பார்க்கவேண்டும்.

இனி வாய். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையில் பல்லில்லாத இடைவெளி ஒன்று உண்டு. கடிவாள இரும்பு உட்காருவது அங்கேதான். அங்கே தாடை எலும்பின் விளிம்பு கூர்மையானது, அதைப் போர்த்தியிருக்கும் ஈறு மெல்லியது. லகானை வெடுக்கென்று இழுக்கும்போது இரும்பு நாக்கை நசுக்கி இந்த விளிம்பில் மோதுகிறது. நாளாக ஆக எலும்பிலேயே முண்டு வளர்ந்த வாய்களைப் பார்த்திருக்கிறேன். தடித்த இரும்பு மென்மையானது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பெரிய வாய்க்கு அது சரியாக இருக்கலாம். சிறிய வாயில் நாக்கே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். தடித்த இரும்புக்குப் போக்கிடம் ஏது? தேய்ந்த மூட்டுள்ள இரும்பு உதட்டோரத்தைக் கிள்ளும். முதல் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் சில குதிரைகளுக்குச் சின்னப் பல் ஒன்று முளைத்திருக்கும். இரும்பு அதில் பட்டாலும் தலையை உதறும்.

வாயைத் திறக்காமல் இருக்க மூக்குப் பட்டையை இறுக்குவது அடுத்த பழக்கம். மூக்கின் நடுமேட்டில் பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழையவேண்டும் என்பது பழைய விதி. அயர்லாந்து, இங்கிலாந்து, பெல்ஜியம் போட்டிகளில் 750 குதிரைகளை அளந்து 2017இல் வெளியான ஆய்வில் 7 சதவீதக் குதிரைகளுக்குத்தான் அந்த இடைவெளி இருந்தது. 44 சதவீதத்துக்கு ஒரு விரல்கூட நுழையவில்லை. வாயைத் திறப்பது, நாக்கை நீட்டுவது எல்லாம் வலியைக் காட்டும் வழிகள். பட்டை அந்த வழியை அடைக்கிறது, வலி உள்ளேயே இருக்கிறது. நெற்றிப் பட்டை குட்டையாக இருந்தால் தலைப் பட்டை முன்னுக்கு இழுபட்டுக் காதின் அடியை அறுக்கும். கடிவாளம் மாட்டும்போது காதைத் தொடவிடாத குதிரைகளில் இதை அவசியம் பாருங்கள்.

இதெல்லாம் மேல்நாட்டுச் செல்லம் கொஞ்சல் என்று சொல்பவர்களுக்காக ஒரு தகவல். 1965ஆம் ஆண்டின் இழுவை, சுமை விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள் முள் வைத்த கடிவாளத்தைத் தடை செய்கின்றன. சேணத்தின் வளைவுக்கும் தோள்மேட்டுக்கும் போதிய இடைவெளி இல்லாமல் குதிரைக்குச் சேணம் கட்டக்கூடாது என்றும் அவை சொல்கின்றன. நம் நாட்டுச் சட்டம்தான்.

குதிரைக்காரர்களை மட்டும் குற்றம் சொல்லி என் கையைக் கழுவ மாட்டேன். ஒரு நாள் வருமானத்தில் அடுத்த நாள் தீவனம் வாங்குபவரிடம் புதுச் சேணம் வாங்கு என்பது எளிது. அதனால் செலவில்லாத வேலைகளைச் சொல்கிறேன். சேணத்துணியைச் சேணத்தின் வளைவுக்குள் மேலே இழுத்துவிட்டுக் கட்டுங்கள், தோள்மேட்டில் அழுத்தாது. கடற்கரையில் ஓட்டுபவர்கள் துணியிலும் வயிற்றுப் பட்டையிலும் ஒட்டிய மணலைத் தினமும் உதறிக் கழுவுங்கள். வியர்வையோடு சேர்ந்த மணல் தோலைத் தேய்த்தெடுத்துவிடும். ஒரு குதிரையின் துணியை இன்னொன்றுக்குப் போடாதீர்கள், படர்தாமரை அப்படித்தான் லாயம் முழுக்கப் பரவுகிறது.

புண் வந்துவிட்டதா? மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவிவிட்டு மறுநாளே சேணம் போட்டால் எந்த மருந்தும் பலிக்காது. நடுவில் ஓட்டை வெட்டிய நுரைப்பஞ்சை வைப்பதும் வேண்டாம், அழுத்தம் ஓட்டையின் விளிம்புக்கு மாறும், அங்கே புதுப் புண் வரும். டெட்டனஸ் கிருமிக்கு மிக எளிதில் பலியாகும் விலங்கு குதிரை, எனவே தடுப்பூசி போட்டு எத்தனை நாளாயிற்று என்று பாருங்கள். தோள்மேட்டில் வீங்கிச் சீழ் வடிந்தால் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாதீர்கள். புண் ஆறி, அந்த இடத்தை அழுத்தினாலும் சதை துடிக்காத நிலை வரும் வரைக்கும் வெறும் முதுகோடு கையில் பிடித்து நடத்துங்கள். சேணம் அதற்குப் பிறகுதான்.